நாற்பத்தெட்டு மீட்டர் உயரத்தில் ஒரு மிடறு

மார்ச் 3, செவ்வாய்

புது நோட்டு. பழையதில் பக்கம் தீர்ந்துவிட்டது. முதல் பக்கத்தில் என்னைப் பற்றி எழுத வேண்டும் என்கிறாள் மகள். "தொலஞ்சுபோனா யாருதுன்னு தெரியணும்ல?" சரி. வயது முப்பத்தொன்பது. வேலை, டவர் கிரேன் ஓட்டுவது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் கணவர் ஒருவர், பதிமூன்று வயதில் வாயாடி மகள் ஒருத்தி. நாள் முழுக்க உட்கார்ந்தே முதுகு போனதால் மூன்று வருடமாக ஓடுகிறேன். ஓட்டக் கணக்கு எழுதத்தான் இந்த நோட்டு.

இன்று 8 கி.மீ., 54 நிமிடம். எடை 61.4. தூக்கம் ஆறரை மணி நேரம். முழங்கால் வலி இருக்கிறது. காலையில் வழக்கமான வலி மாத்திரை ஒன்று.

ஓடி வந்ததும் அரை டம்ளர் தண்ணீர். அதோடு சரி, மதியம் பன்னிரண்டரை வரை வேறு கிடையாது. கேபின் நாற்பத்தெட்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏணியில் இறங்க ஒன்பது நிமிடம், ஏறப் பதினான்கு நிமிடம். கழிப்பறைக்கு இறங்கினால் கட்டிடமே நிற்கும். ஆண்கள் என்ன செய்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், சீட்டுக்குப் பின்னால் ஒரு காலி பாட்டில். எனக்கு அது சரிப்படாது. உள்ளே போகாவிட்டால் வெளியே வராது, அவ்வளவுதான் என் கணக்கு. ஒன்பது வருடமாக இப்படித்தான்.

எதிர் கிரேன் அண்ணன் மதியம்கூட இறங்குவதில்லை. சாப்பாட்டைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வார். பத்தொன்பது வருட அனுபவம். அவரும் நானும் இதுவரை பேசியது மொத்தம் இருபது வார்த்தை இருக்கும். ஆனால் தினமும் காலையில் ஏறியதும் கண்ணாடி வழியாக ஒரு கை அசைப்பு உண்டு. அவர் இறங்காதவரை நானும் இறங்கக் கூடாது என்று எனக்குள் ஒரு வீம்பு.

வருகிற திங்கள் வருடாந்திர உடல் தகுதிச் சோதனை. அது இல்லாமல் கிரேன் இல்லை.

மார்ச் 5, வியாழன்

பதினொரு மணிக்குக் கேபினில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கொக்கியில் லோடு தொங்கிக்கொண்டிருக்கும்போது. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

18 கி.மீ. இதுவரை ஓடியதிலேயே அதிகம். நாளைக்குச் சோதனை, இதயம் குதிரை மாதிரி இருக்கட்டும் என்று வேண்டுமென்றே நீட்டினேன். வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் எடுத்துப் போகவில்லை, பழக்கமே இல்லை.

போகும்போது எடை 61.3, வந்தபோது 59.2. கணவர் தராசைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு கிலோவ எங்க விட்டுட்டு வந்த?" என்றார். வியர்வைதான் என்றேன். "அப்ப அத திருப்பி ஊத்து" என்றார். ஒரு டம்ளர் குடித்தேன். குமட்டியது, விட்டுவிட்டேன். சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் இருந்தது. முழங்காலுக்கு இரண்டு மாத்திரை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? நாளைக்கு எல்லாம் நன்றாக இருக்கும். இருக்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

ரத்தம் கொடுத்தேன். சிறுநீர் கொடுக்க முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. வந்தது நாலு சொட்டு. நர்ஸ் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இவ்ளோதானா?" என்றாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பத்தே காலுக்கு வாக்கி-டாக்கியில் மேலாளர் குரல். பொதுவாக வாக்கியில் வருவது சைகைக்காரர் மட்டும்தான். கீழே நின்று லோடுக்கு வழி சொல்பவர், எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பதால் அவருக்கு மெதுவா என்றே பெயர். இன்று மேலாளரே வந்தார். "லோட எறக்கிட்டுக் கீழ வாங்க." அவ்வளவுதான்.

ஒன்பது நிமிட ஏணி. ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி. யாராவது புகார் பண்ணிட்டாங்களா? லோடு எதையாவது இடிச்சுதா? பாப்பாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?

ரத்தத்தில் கிரியேட்டினின் 1.6. ஒன்று அளவில் இருக்க வேண்டியதாம். சிறுநீரில் புரதம். சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று சந்தேகம். மறுபடி சோதித்துத் தேறும்வரை மேலே ஏறக் கூடாது. ஸ்டோரில் உட்கார வேண்டும். இரண்டாவது தடவையும் தவறினால்? மேலாளர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

சித்தி ஞாபகம் வந்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மிஷின். கையெல்லாம் ஊசி போட்டுப் போட்டுக் கட்டி. எனக்கும் அப்படியா? நான் தினமும் ஓடறேனே. சிகரெட் கிடையாது, குடி கிடையாது. எனக்கு ஏன்? பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

மார்ச் 11, புதன்

டாக்டரம்மா என்னைவிடச் சின்னவள். கேள்வி மேல் கேள்வி.

"சோதனைக்கு முந்தின நாள் என்ன பண்ணீங்க?"

"பதினெட்டுக் கிலோமீட்டர் ஓடினேன்."

"எதுக்கு?"

"ஃபிட்டா இருக்கேன்னு ரிப்போர்ட்ல தெரியட்டும்னு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டாள், சொன்னேன். மாத்திரை ஏதாவது என்று கேட்டாள். முதலில் இல்லை என்றேன். கணவர் பக்கத்தில் இருந்தார், லேசாக இருமினார். அப்புறம் சொன்னேன், தினமும் ஒன்று, ஓட்டம் நீண்டால் இரண்டு, நாலு மாதமாக.

"காஞ்சு கெடக்கற ஒடம்பு, அதுல நீண்ட ஓட்டம், அதுமேல வலி மாத்திரை. மூணும் சேந்து கிட்னியப் பிடிச்சு நசுக்கற மாதிரி" என்றாள். நிரந்தரமா என்று கேட்டேன். "இப்ப சொல்ல முடியாது. பத்து நாள் ஓடாதீங்க. மாத்திரையத் தொடாதீங்க. ஒழுங்கா குடிங்க, தூங்குங்க. அப்புறம் பாக்கலாம்."

இப்ப சொல்ல முடியாது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே வார்த்தை.

கணவர் வீடு வந்ததும் மருந்துப் பெட்டியைத் திறந்து மாத்திரை அட்டைகளை எண்ணினார். எல்லாவற்றையும் குப்பையில் போட்டார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

மார்ச் 12, வியாழன்

ஸ்டோர். கையுறை, போல்ட், கயிறு, ரசீது. ஜன்னலுக்கு வெளியே என் கிரேனை மாற்று ஆள் ஓட்டுகிறான். லோடை வெட்டி வெட்டி நிறுத்துகிறான். என் சீட்டைப் பின்னுக்குத் தள்ளியிருப்பான், நிச்சயம்.

"பொம்பளைக்கு அந்த வேலை ஒத்துக்கலபோல" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கையில் இருந்த போல்ட் பறந்திருக்கும்.

மார்ச் 14, சனி

அவமானம். எழுதிவிடுகிறேன்.

டாக்டர் குடிக்கச் சொன்னாள் அல்லவா, குடித்தேன். காலையிலிருந்து மதியத்துக்குள் ஆறு லிட்டர். எவ்வளவு சீக்கிரம் கழுவுகிறோமோ அவ்வளவு நல்லது என்று ஒரு நினைப்பு. இரண்டு மணிக்குத் தலை பிளந்தது. வாந்தி. மோதிரம் விரலில் இறுகிக்கொண்டது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னொரு சொம்பை எடுத்தேன், கணவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து வரைக்கும் பாலைவனம், இன்னிக்கு வெள்ளமா? உனக்கு நடுவுல எதுவுமே கெடையாதா?"

டாக்டரைக் கூப்பிட்டார். ரத்தத்தில் உப்பு இறங்கிவிடுமாம், உடனே கூட்டிவரச் சொன்னாள். ஊசி குத்தி உப்பு பார்த்தார்கள். நூலிழையில் தப்பித்தேன். சாயங்காலம்வரை உட்கார வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்து, லென்ஸுக்குக் குறி போடும் பேனாவால் கோடு கிழித்தார். எட்டு மணிக்கு இதுவரை, பத்துக்கு இதுவரை, பன்னிரண்டுக்கு இதுவரை. மில்லிமீட்டர் சுத்தமாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 17, செவ்வாய்

தாகம் எடுத்தால் குடியுங்கள் என்கிறாள் டாக்டர். எனக்குத் தாகமே எடுப்பதில்லை. வாய் காய்கிறது, தலை வலிக்கிறது, எரிச்சல் வருகிறது. தண்ணீர் வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. தாகத்தை ஒன்பது வருடம் அதட்டி அதட்டி உட்கார வைத்துவிட்டேன்போல.

மகளிடம் கேட்டேன், தாகம்னா எப்படிம்மா இருக்கும் என்று. "நீ என்ன ஒட்டகமா?" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாட்டிலை எடுத்துக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மார்ச் 18, புதன்

ஓடாமல் எட்டு நாள். கால் துடிக்கிறது. ஆனால் முழங்கால் வலி பாதி போய்விட்டது, மாத்திரை இல்லாமலே. ஓய்வு கொடுத்திருந்தாலே போதுமாயிருந்ததோ? இத்தனை நாள் எதைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன்?

மார்ச் 20, வெள்ளி

மறு சோதனை. இந்த முறை குப்பி நிறைந்தது. நிறம் வைக்கோல் மாதிரி. அதே நர்ஸ். "இப்பதான் இது ஒடம்பு" என்றாள். முடிவு நாளைக்கு. இன்று முழுக்க எதுவும் நிற்கவில்லை கையில், ரசீதை இரண்டு தடவை தப்பாக எழுதினேன்.

மார்ச் 21, சனி

1.0. புரதம் இல்லை.

காகிதத்தை நாலு முறை படித்தேன். தசமப் புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று கணவர் தன் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

டாக்டரம்மா கூடவே சொன்னாள்: "இது பழைய மாதிரி ஆயிருக்கு. நீங்க பழைய மாதிரி இருந்தா மறுபடி இங்கதான் வருவீங்க. அடுத்த தடவ திரும்புமான்னு எனக்குத் தெரியாது." காலையில் ஒரு தடவையாவது இறங்கியாக வேண்டும், குடித்தாக வேண்டும். மேலாளருக்கு ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்தாள். நானே பேசிக்கொள்கிறேன் என்று பைக்குள் வைத்துக்கொண்டேன். வீறாப்புக்குக் குறைச்சல் இல்லை எனக்கு.

மார்ச் 23, திங்கள்

மேலாளரிடம் போனேன். சந்தோஷமாக வரவேற்றார், மாற்று ஆளால் வேலை பின்தங்கியிருக்கிறதாம். நான் ஆரம்பித்தேன், காலையில் கொஞ்ச நேரம் இறங்க வேண்டியிருக்கும் என்று. முகம் மாறியது.

"கிரேன் நின்னா சைட் நிக்கும்மா, ஒங்களுக்குத் தெரியாததா? எதிர் கிரேன்ல அவரு மத்தியானம்கூட எறங்கறதில்லயே."

சீட்டு பைக்குள் இருந்தது. எடுக்கவில்லை. "சரி, தேவப்பட்டா வாக்கில சொல்லுங்க, பாக்கலாம்" என்றார். வாக்கியில் பேசினால் சைட்டில் நாற்பது பேர் கேட்பார்கள். அது அவருக்கும் தெரியும்.

மார்ச் 24, செவ்வாய்

மேலே ஏறினேன். மாற்று ஆள் என் சீட்டைப் பின்னுக்குத்தான் தள்ளியிருந்தான். எதிர் கண்ணாடியில் அண்ணன் கை அசைத்தார், வழக்கத்தைவிட கொஞ்சம் அதிக நேரம்.

கணவர் கோடு போட்ட பாட்டில் மடியில். எட்டு மணிக் கோட்டில் மூன்று மிடறு. பத்து மணிக் கோட்டைத் தொடவில்லை. வாக்கியை இரண்டு தடவை எடுத்து வாய்வரை கொண்டுபோனேன். "சொல்லுங்கக்கா" என்றார் மெதுவா. "ஒண்ணுமில்ல, செக் பண்ணேன்" என்றேன்.

கோழை. நாற்பத்தெட்டு மீட்டர் ஏறத் தைரியம் இருக்கு, நாலு வார்த்த சொல்லத் தைரியம் இல்ல.

மார்ச் 25, புதன்

சொல்லிவிட்டேன்.

ஒன்பதரைக்கு இரண்டு கோட்டையும் குடித்து முடித்திருந்தேன். வேண்டுமென்றே. இனி பின்வாங்க முடியாதபடி.

"நான் கீழ எறங்கணும்."

"என்னக்கா, ரிப்பேரா?"

"இல்ல. பாத்ரூம் போகணும்."

  கன்னம் சுட்டது. கீழே தலைகள் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. பிறகு மெதுவாவின் குரல், லோடுக்கு வழி சொல்லும் அதே குரல்: "சரிக்கா. கொக்கிய மேல ஏத்திடுங்க. கையக் காத்துக்கு விட்டுடுங்க. ஏணி ஈரமா இருக்கு, மெதுவா எறங்குங்க."

கிரேனின் கையைக் காற்று போகும் பக்கம் திரும்பிக்கொள்ள விட்டுவிட்டு இறங்கினேன். கீழே கான்கிரீட் மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னக்கா, டேங்க் ஃபுல்லா?" என்றான் ஒருத்தன்.

"ஆமா. காலைலேருந்து நீ நாலு தடவ போனியே, யாராவது எண்ணினாங்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவனைப் பார்த்து. போய்விட்டு வந்து, நிழலில் இரண்டு நிமிடம் நின்று, முதுகை நீட்டி, மறுபடி ஏறினேன். மொத்தம் முப்பத்துநாலு நிமிடம். 

மார்ச் 26, வியாழன்

மேலாளர் கூப்பிட்டார். முப்பத்துநாலு நிமிடத்தில் கான்கிரீட் வண்டி ஒன்று காத்து நின்றதாம். இந்த முறை டாக்டர் கொடுத்த சீட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். படித்தார். மறுபடி படித்தார். "இத திங்கக்கெழமையே குடுத்திருக்கலாமே" என்றார். பேசித் தீர்ந்தது இதுதான்: தினமும் ஒன்பதரைக்கு, இரண்டு வண்டிகளுக்கு நடுவில் அரை மணி நேரம். கான்கிரீட்காரர் முணுமுணுத்தார், ஆனால் வண்டி நேரத்தை மாற்றிக்கொண்டார்.

இத்தனை சுலபமா? இல்லை, சுலபம் இல்லை.  எதிர் கிரேன் அண்ணன் என்ன நினைக்கிறாரோ. நேற்றும் இன்றும் நான் இறங்குவதைக் கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 30, திங்கள்

ஒன்பதரைக்கு இறங்கிப் பாதி ஏணியில் இருக்கிறேன், எதிர் கிரேனும் நின்றது. ரிப்பேர் என்று நினைத்தேன். அவர் இறங்கி வந்தார்.

நிழலில் நான் நின்ற இடத்துக்கு வந்து நின்றார். பக்கத்தில் பார்த்தால் வயதானவராக இருக்கிறார், கண்ணுக்குக் கீழே வீங்கி. காலை பத்து மணி வெயிலைப் புதிதாகப் பார்ப்பவர் மாதிரி சுற்றிலும் பார்த்தார். நான் தண்ணீரை நீட்டினேன், வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது.

"அன்னிக்கு வாக்கில நீங்க சொன்னதக் கேட்டேன். ஒங்க ரிப்போர்ட் கதையும் கேள்விப்பட்டேன். இது என்னன்னு கொஞ்சம் பாருங்கம்மா."

தனியார் ஆய்வுக்கூடம். எட்டு மாதம் முந்தைய தேதி. கிரியேட்டினின் 2.4.

என் 1.6க்கு நான் எப்படிச் செத்தேன். இவர் இதைப் பையில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஏறி இறங்கியிருக்கிறார்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. கால் வீங்குதேன்னு போய்ப் பாத்தேன். அப்புறம் டாக்டர்கிட்டப் போகல. எனக்கு மே மாசம் சோதனை. சொன்னா எறக்கிடுவாங்க. எறக்கிட்டா நான் என்னம்மா பண்ணுவேன், எனக்குக் கீழ ஒண்ணும் தெரியாதே."

அவர் இறங்காததைப் பார்த்துத்தான் நானும் இறங்காமல் இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "நாளைக்கு நானும் வரேன்ணே, போகலாம்" என்றேன். மறுப்பார் என்று நினைத்தேன். "எத்தன மணிக்கு?" என்றார்.

மார்ச் 31, செவ்வாய்

வேலை முடிந்து, அண்ணன், அண்ணி, நான். அண்ணி வழியெல்லாம் அவரோடு பேசவில்லை, என்னோடு மட்டும் பேசினார். டாக்டரம்மா பிரஷர் பார்த்தாள், இரண்டு தடவை. தண்ணீர் குடிக்காதது மட்டும் காரணம் இல்லையாம், பிரஷர் பல வருடமாக இருந்திருக்கிறது. என் மாதிரி இது பத்து நாளில் திரும்பாது. திரும்பவே திரும்பாமலும் இருக்கலாம். ஆனால் இத்தோடு நிறுத்தலாம், இன்றிலிருந்து மருந்து சாப்பிட்டால்.

அவருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதும் வேறு கணக்கு. என் பாட்டில் கோடு அவருக்குச் சரிவராது. நல்லவேளை, நேற்று என் பாட்டிலை வாங்கிக் குடிக்கவில்லை.

வெளியே வந்ததும் அண்ணி அவர் சட்டைப் பையில் கைவிட்டு அந்தக் காகிதத்தை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

5 கி.மீ., மெதுவாக, 38 நிமிடம். போகும்போது 61.2, வந்தபோது 60.7. ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். மாத்திரை இல்லை. முட்டை, பழம், பதினைந்து நிமிடம் கால் நீட்டல். நாளை ஓட்டம் கிடையாது, ஓய்வு. நாளை மறுநாளும் வலித்தால் அன்றும் கிடையாது.

அண்ணன் நாளைக்கு மேலாளரிடம் சொல்லப்போகிறார். என் சோதனை நாளில்கூட இவ்வளவு படபடப்பு இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

சொல்லிவிட்டார். ஆறு மாதம் மேலே ஏறக் கூடாது. அப்புறமும் பார்த்துத்தான். அவர் கேபினிலிருந்து சாமான் எடுக்கப் போனவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறங்கினார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

எதிர் கிரேனில் புது ஆள். ஏறியதும் கண்ணாடி வழியாகக் கை அசைத்தேன். அவருக்குப் பயம் வந்து, "என்ன பிரச்சின?" என்று வாக்கியில் கேட்டார். ஒன்றும் இல்லை, காலை வணக்கம் என்றேன்.

அண்ணன் இப்போது மெதுவாவுக்குப் பக்கத்தில், கீழே, இன்னொரு வாக்கியோடு. வண்டி நேரம் பார்ப்பது, லோடு வரிசை போடுவது. மேலே இருப்பவருக்கு எது தெரியாது என்று அவருக்குத் தெரிகிறது, அதனால் வேலை சீராகப் போகிறது. கான்கிரீட்காரரே ஒத்துக்கொண்டார்.

ஒரு தூணுக்கான கம்பிக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். நேரம் கவனிக்கவில்லை. வாக்கியில் அண்ணன் குரல், நாற்பது பேரும் கேட்க: "ரெண்டு கிரேனும் கேளுங்க. மணி ஒம்பதர. லோட வெச்சிட்டுக் கீழ வாங்க."

லோடை வைத்தோம். இறங்கினோம்.